எட்ஜ் சென்னையில், டேட்டாபேஸ் வர்ஜீனியாவில்: டெப்ளாய் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "அண்ணா, சைட்டை எட்ஜ்ல போட்டுட்டேன். ஆனா பழைய சர்வரைவிட மெதுவா இருக்கு. ஃபிரேம்வொர்க்கை மாத்திடலாமா?" எட்ஜ் என்றால், உலகமெங்கும் பல ஊர்களில் பரவி, பயனருக்குப் பக்கத்திலேயே நம் கோடை ஓட்டும் சர்வர்கள். நான் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டேட்டாபேஸ் எங்கே இருக்கு?" அவனுக்குத் தெரியவில்லை. கணக்குத் தொடங்கும்போது பட்டியலில் முதலில் இருந்த ஊரை அப்படியே விட்டுவிட்டானாம். சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் விட்டேன்.

ரகசியச் சாவியை கிட்டில் ஏற்றாதே, டிஎன்எஸ் பதிவைச் சரிபார் என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. அவற்றை விட்டுவிடுகிறேன். நம் லேப்டாப்பில் தலைகாட்டாமல், நிஜ வாடிக்கையாளர் உள்ளே வந்த பிறகு மட்டும் வெளியே வரும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. உதாரணங்கள் பெரும்பாலும் கிளவுட்ஃப்ளேரின் எட்ஜ் சேவையான வொர்க்கர்ஸைச் சேர்ந்தவை. நான் தினமும் புழங்குவது அதில்தான்.

இதுவும் நோட் ஜேஎஸ்தானே என்று நினைப்பது

இல்லை. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் வேறு. வொர்க்கர்ஸில் உங்கள் கோடு ஓடுவது வி8 ஐசொலேட் ஒன்றுக்குள், அதாவது குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில் தனியாகப் பிரித்த ஒரு சிறு அறைக்குள். நோட் இணக்கத்துக்கான கொடியை (ஃப்ளாக்) கான்ஃபிக்கில் போட்டால் பல மாட்யூல்கள் கிடைக்கும். ஆனால் சி++ பகுதியோடு வரும் நேட்டிவ் பேக்கேஜ்கள் ஓடாது. படம் சுருக்கும் ஷார்ப்பும், பாஸ்வேர்டுக்கான பிகிரிப்ட்டும் முதல் நாளே காலை வாரும். ஒரு ஐசொலேட்டுக்கு 128 எம்பி நினைவகம்தான். இலவசத் திட்டத்தில் ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு 10 மில்லிசெகண்ட் சிபியு நேரம். பெரிய பக்கத்தை ரெண்டர் செய்ய, அதாவது ஹெச்டிஎம்எல்லாக உருவாக்க, அது பத்தாமல் போகலாம்.

டேட்டாபேஸ் எங்கே என்று பார்க்காதது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு புடவைக் கடையின் தளம். வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டில். முதலில் எல்லாமே மும்பையில் இருந்த ஒரே விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) ஓடியது: சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இரண்டும் ஒரே மெஷினில். பக்கம் அரை செகண்டுக்குள் வந்துகொண்டிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. நான்தான் சும்மா இருக்காமல், எட்ஜுக்குப் போனால் இன்னும் பறக்கும் என்று கடைக்காரரைச் சம்மதிக்க வைத்தேன். எட்ஜில் போஸ்ட்கிரெஸை வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே அதை வெளியே ஒரு மேனேஜ்டு சேவைக்கு மாற்றினேன். பட்டியலில் முதலில் இருந்தது வர்ஜீனியா. அடுத்த பட்டனை அழுத்திவிட்டேன்.

ரெஸ்பான்ஸ் ஹெடரில் ரே ஐடி (ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் கிளவுட்ஃப்ளேர் தரும் அடையாளம்) 'எம்ஏஏ' என்று முடிவதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். அது சென்னை விமான நிலையத்தின் குறியீடு. சென்னையிலேயே ரெண்டர் ஆகிறது என்று அர்த்தம். ஆனால் பக்கம் வர மூன்றரை செகண்ட் ஆனது.

அடுத்த இரண்டு வாரம் நான் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஃபான்ட்டை மாற்றினேன். படங்களைக் குறைந்த அளவுள்ள வெப்பி ஃபார்மேட்டுக்கு மாற்றினேன். ஜாவாஸ்கிரிப்ட் பண்டிலை அறுத்து அறுத்துப் பாதியாக்கினேன். ஒன்றும் நகரவில்லை. டாஷ்போர்டைத் திறந்தால் எல்லாம் பச்சை, சிபியு நேரம் வெறும் 8 மில்லிசெகண்ட். அங்கேதான் ஏமாந்தேன். சிபியு நேரத்தில் காத்திருப்பு சேராது. டேட்டாபேஸ் பதிலுக்காக மூன்று செகண்ட் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் அது கணக்கில் வராது. பில்லும் ஏறாது, பட்டையும் சிவக்காது. காத்திருப்பது வாடிக்கையாளர் மட்டும்.

கடைசியில் ஒரு நாள் இரவு, 'செலக்ட் 1' என்பதை மட்டும் ஓட்டும் ஒரு வெற்றுப் பக்கம் எழுதி, ஒரே கனெக்ஷனில் பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 220 மில்லிசெகண்டை ஒட்டியே வந்தது. ஒரு டேபிளைக்கூடத் தொடாத குவரிக்கு!

கணக்கு ரொம்ப எளிது. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து வர்ஜீனியா நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேராகப் போட்டிருந்தாலும் போய்வர 130 மில்லிசெகண்ட் ஆகும். கேபிளோ கடலைச் சுற்றி வளைத்துத்தான் போகிறது. எந்த ஃபிரேம்வொர்க்கும் இதைக் குறைக்காது.

சரி, ஒருமுறை போய்வந்தால் பரவாயில்லை. எத்தனை முறை போய்வருகிறது என்பதில்தான் வினையே. போஸ்ட்கிரெஸுக்குப் புதுக் கனெக்ஷன் போட டிசிபி (இணைப்பு), டிஎல்எஸ் (குறியாக்கம்), பாஸ்வேர்டு சரிபார்ப்பு என்று ஏறக்குறைய ஏழு நடை போய்வர வேண்டும். அதுவே ஒன்றரை செகண்ட். பிறகு என் பக்கத்தில் ஒன்பது குவரிகள், ஒன்றன்பின் ஒன்றாக: செஷன், பயனர், கார்ட், வகைகள், பொருள், படங்கள், விலை, இருப்பு, விமர்சனங்கள். ஒன்பதை 220-ஆல் பெருக்கினால் இரண்டு செகண்ட். மும்பையில் ஒரே மெஷினில் இருந்தபோது இந்த ஒன்பதும் கண்ணிமைக்கும் நேரம்கூட எடுக்கவில்லை என்பதால் நான் எண்ணியே பார்த்ததில்லை.

எரிச்சல் எதில் என்றால், சர்வரையும் தூக்கிப்போய் வர்ஜீனியாவிலேயே வைத்திருந்தால்கூட இதைவிட வேகமாக இருந்திருக்கும். அப்போது பிரவுசர் மட்டும் கனெக்ஷனுக்கும் பக்கத்துக்குமாக மூன்று நடை போய்வந்திருக்கும். முக்கால் செகண்டில் கதை முடிந்திருக்கும். பயனருக்குப் பக்கத்தில் ரெண்டர் செய்கிறேன் பேர்வழி என்று, ஒரு கடலைத் தாண்டும் வேலையைப் பதினாறு தடவை செய்ய வைத்தேன்.

சரிசெய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஒன்பது குவரியை இரண்டாக்கினேன்: சிலவற்றை ஜாயினில் சேர்த்தேன், மீதியை டேட்டாபேஸிலேயே ஓடும் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுபோனேன். டேட்டாபேஸை மும்பைக்கு நகர்த்தினேன். சென்னையிலிருந்து போய்வர 25 மில்லிசெகண்டுக்குள்தான். அப்புறம் கிளவுட்ஃப்ளேரின் ஹைப்பர்டிரைவ் சேவையை வைத்தேன். அது டேட்டாபேஸ் பக்கத்தில் கனெக்ஷன்களைத் திறந்தே வைத்திருப்பதால் அந்த ஏழு நடை ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் நீளாது. டேட்டாபேஸை நகர்த்தவே முடியாத நிலை என்றால், ரெண்டரிங்கை அதன் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். வொர்க்கர்ஸில் இதற்கு ஸ்மார்ட் பிளேஸ்மென்ட் என்ற வசதி இருக்கிறது, நீங்களாக இயக்கினால்தான் வேலை செய்யும். வெர்செல் என்ற ஹோஸ்டிங் சேவையில் வேறு மாதிரி: ஃபங்ஷன்கள் தாமாக ஓடுவது வாஷிங்டன் டிசி பகுதியில், டேட்டாபேஸ் மும்பையில் இருந்தால் அங்கேயும் ஊரை மாற்ற வேண்டும்.

தம்பியின் தளத்தில் பதினான்கு குவரிகள் இருந்தன. ஃபிரேம்வொர்க்கை மாற்றவில்லை.

குளோபல் வேரியபிளில் பயனரை வைப்பது

ஒரே ஐசொலேட் பல பேருடைய ரெக்வெஸ்ட்டுகளைக் கையாளும். மாட்யூலின் மேலே ஒரு வேரியபிளை அறிவித்து அதில் லாகின் செய்தவரின் விவரத்தை வைத்தால், அடுத்து வருபவர் அதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. நாம் தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது வரவே வராது. கூட்டம் சேர்ந்ததும் ஒருவருடைய கார்ட் இன்னொருவருக்குத் தெரியும். ரெக்வெஸ்ட்டோடு பிறந்து ரெக்வெஸ்ட்டோடு சாகும் இடத்தில் மட்டும் அதை வையுங்கள்.

டேட்டாபேஸ் கிளையன்ட்டையும் நோட் பழக்கத்தில் குளோபலில் வைப்பார்கள். ஒரு ரெக்வெஸ்ட் திறந்த கனெக்ஷனை வேறொரு ரெக்வெஸ்ட் தொட்டால் வொர்க்கர்ஸ் நேரடியாக எர்ரர் கொடுத்துவிடும். முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறதே, அந்த வகையில் நல்லது.

லாகின் செய்தவரின் பக்கத்தைக் கேஷ் செய்வது

செய்யாதீர்கள். ஒருவருக்காகச் சேமித்த நகல் இன்னொருவருக்குப் போய்விடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் பக்கம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டால், எங்கும் சேமிக்காதே என்று சொல்லும் 'நோ-ஸ்டோர்' போடுங்கள்.

கேவி-யில் இருப்புக் கணக்கு

கேவி என்பது கிளவுட்ஃப்ளேரின் சாவி-மதிப்புச் சேமிப்பு. அதில் எழுதியது மற்ற ஊர்களில் தெரிய 60 செகண்டோ அதற்கு மேலோ ஆகலாம். கடைசிப் புடவையை இரண்டு பேர் வாங்கிவிடுவார்கள்.

பில்டில் பதிந்துபோன வேரியபிள்

பிரவுசருக்குப் போகும் என்விரான்மென்ட் வேரியபிளை டாஷ்போர்டில் மாற்றினால் மட்டும் போதாது, மறுபடி பில்ட் செய்யுங்கள்.

இந்திய நேரத்தை மறப்பது

எட்ஜில் கடிகாரம் யுடிசி, அதாவது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். உங்கள் லேப்டாப்போ இந்திய நேரத்தில் ஓடுகிறது, அதனால் உள்ளூரில் எல்லாம் சரியாகவே தெரியும். நேர மண்டலத்தைச் சொல்லாமல் தேதியை ஃபார்மேட் செய்தால், நம்மூரில் நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை சர்வர் முந்தைய நாள் தேதியை அச்சிடும். பிரவுசரில் ஹைட்ரேட் ஆகும்போது, அதாவது சர்வர் அனுப்பிய பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் கையில் எடுக்கும்போது, அங்கே வேறு தேதி வரும். கன்சோலில் ஹைட்ரேஷன் எச்சரிக்கை குவியும். திரையில் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். நான் அதே ஃபங்ஷனைப் பில்லுக்கும் பயன்படுத்தியிருந்தேன். ஏப்ரல் 1 அதிகாலை இரண்டு மணிக்கு யாரோ தூக்கம் வராமல் ஒரு புடவை வாங்கியிருக்கிறார். பில்லில் மார்ச் 31. கடைக்காரரின் ஆடிட்டர் போன் செய்து, போன நிதியாண்டில் இது எப்படி வந்தது என்று கேட்டபோதுதான், தேதியைத் தொடும் எல்லா இடத்திலும் 'ஆசியா/கொல்கத்தா' என்று எழுதினேன்.