உப்புத்தாள் தூசியும் அத்தையின் வடகமும்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடு இல்லாமல் போன மாட்டுக்கொட்டகைதான் என் பட்டறை. பலாக்கட்டையில் அஞ்சறைப்பெட்டி, பூவரசில் பல்லாங்குழி என்று லீவு நாளில் ஏதாவது செய்துகொண்டிருப்பேன். போன சித்திரையில் வேப்பம்பலகை ஒன்றுக்கு நாள் முழுக்க சாண்டர் (உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மின்கருவி) ஓட்டியதில், தூசியெல்லாம் முற்றத்தில் அத்தை காயப்போட்டிருந்த கூழ்வடகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பொரித்தால் கசப்பு. "வேப்பம்பூ வடகம்னு நெனச்சு சாப்பிடுங்க மாப்ள" என்று எனக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு வந்தது. முற்றம் வரைக்கும் இவ்வளவு போனதென்றால் என் மூக்குக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

இழைப்புளிச் சீவலும் ரம்பத்தூளும் காலடியில் விழுந்துவிடும், பெருக்கினால் முடிந்தது. 120, 220ம் நம்பர் உப்புத்தாளில் வருவது மாவு. தலைமுடி சுமார் 70 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) தடிமன் என்றால், 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் நெஞ்சுக்குள் இறங்கும்; 1 மைக்ரான் துகள் அசையாத காற்றில்கூடத் தரைக்கு வரப் பல மணி நேரம் எடுக்கும். மரத்தூசி மூக்கில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே முதல் பிரிவில், அதாவது உறுதியாகத் தெரிந்தவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது. அது பெரும்பாலும் வருடக்கணக்கில் தொழிலாகச் செய்தவர்களை வைத்துச் சொன்னது, அதற்காக நமக்கு வராது என்று மெத்தனமாக இருக்க வேண்டாம்.

தூசி கிளம்பும் இடத்திலேயே பிடிப்பதுதான் பாதி வேலை. சாண்டரோடு வரும் துணிப்பையை நம்பாதீர்கள், மாவு அதன் வழியாகவே வெளியே வரும். வேக்குவம் கிளீனர் குழாயை நேராக சாண்டரில் மாட்டுங்கள்; வாய் பொருந்தவில்லையா, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் செருகிக் கிளாம்ப் போட்டால் சிக்கென்று பிடிக்கும். வட்டத்தாளின் ஓட்டையும் சாண்டர் தட்டின் ஓட்டையும் நேருக்கு நேர் வரவேண்டும், ஒரு விரல் தள்ளி ஒட்டிவிட்டால் உறிஞ்சல் செத்துப்போகும். சாண்டருக்கும் வேக்குவத்துக்கும் நடுவில் 20 லிட்டர் பெயின்ட் வாளி மூடியில் ஒரு சைக்ளோன் கூம்பு (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) வைத்தால் பெருந்தூள் வாளியிலேயே தங்கும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. ஆனால் மாவு அதையும் தாண்டி வேக்குவம் மெஷினுக்குப் போகும். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லாத மெஷின் அதைப் பின்பக்கமாக உங்கள் மேலேயே ஊதும், அதனால் சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை மட்டும் உள்ளே விட்டு மெஷினை வெளியே தாழ்வாரத்தில் வைத்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான்.

அப்புறம் காற்று. ஆடியில் மேலக்காற்று, ஐப்பசிக்கு மேல் வாடை. எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரே சுவரில் பதித்துவிட்டால் பாதி வருஷம் அது காற்றோடு மல்லுக்கட்டும், அதனால் டேபிள் ஃபேனை எந்தப் பக்கம் காற்று வெளியே போகிறதோ அந்த வாசலில் வெளியே பார்த்து வையுங்கள் (வடகம் எந்தப் பக்கம் காய்கிறது என்று பார்த்துக்கொண்டு). காற்று முதுகில் அடித்தால் உங்கள் முன்னால் சுழன்று தூசி முகத்துக்கே வரும். பக்கவாட்டில் போகிற மாதிரி நில்லுங்கள். சீலிங் ஃபேன் கூடவே கூடாது.

துண்டை மூக்கில் கட்டுவதெல்லாம் மனசமாதானம். என்95 மாஸ்க் போடுங்கள், தாடி இருந்தால் ஓரத்தில் ஒழுகும். வேம்பு தொண்டையை அரிக்கும், தேக்குத்தூசி சிலருக்குத் தோலில் தடிப்பு கிளப்பும். முடிந்த இடத்தில் உப்புத்தாளுக்குப் பதில் சுரண்டித்தகடு போடுங்கள், மாவுக்குப் பதில் சுருள் வரும்.

கடைசியில் துடைப்பத்தைத் தொடாதீர்கள், கம்ப்ரஸரால் ஊதாதீர்கள். ஈரத்துணி போதும். சட்டையை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டித் தூள் மூட்டையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே பற்றிக்கொள்ளும்; விரித்துக் காயப்போடுங்கள்.

சரியாகப் பிடித்தோமா என்று பார்க்க, இருட்டியதும் லைட்டை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். வெளிச்சம் வெள்ளைக் கோடாக நின்றால் இன்னும் மாவு மிதக்கிறது, மாஸ்க்கைக் கழற்றாமல் ஃபேனை இன்னும் அரைமணி ஓடவிடுங்கள்.