மாரிக்கு முன் மொட்டையடித்த மரம்: வளவு மரங்களில் நாம் விடும் பிழைகள்

புரட்டாதி பிறந்தால் எங்கள் பக்கம் சங்கிலி வாளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னி எங்கும் இதே கதைதான். மாரி வரப்போகிறது, காற்று அடிக்கும், கொப்பு முறிந்து தகரத்தில் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம். உடனே ஆளைக் கூப்பிட்டு, வளவில் நிற்கும் மாவையும் வேம்பையும் மேலால் மொட்டையடித்து விடுகிறோம். பயப்படுவது நியாயந்தான். ஆனால் மொட்டையடித்த மரம் நாலைந்து வருசத்தில் முந்தியதை விட ஆபத்தான மரமாகிவிடும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது கறுத்தக்கொழும்பான் மாமரம். 2016இல் அதை வெட்ட வந்த அண்ணை, "தம்பி, மேலால ஒரே மட்டமா வெட்டி விட்டா நாலு வருசத்துக்குப் பயமில்லை" என்றார். அவர் சொன்ன கணக்கு பிசகவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக் கரையால் ஏறி வன்னிக்குள்ளால் மன்னார்ப் பக்கம் போனபோது, வெட்டிய இடத்தில் வளர்ந்திருந்த தொடைத் தடிமனான கொப்பு ஒன்று தோலோடு உரிந்து குசினிக் கூரையில் விழுந்தது. முறியவில்லை, உரிந்தது. அதுதான் கவனிக்க வேண்டிய விசயம்.

சாதாரணமாக ஒரு கொப்பு மரத்தோடு சேர்ந்தே வளருகிறது. வருசா வருசம் மரத்தின் தசையும் கொப்பின் தசையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, அடி ஆழத்தில் பின்னிக்கொள்ளும். மொட்டையடித்தால் மரம் பட்டினியில் விழுகிறது. இலைதானே அதற்கு அடுப்படி. அவசரத்தில், தோலுக்குக் கீழே தூங்கிக் கிடக்கும் மொட்டுகளை எழுப்பிக் கத்தையாகத் துளிர் விடுகிறது. பார்க்கச் செழிப்பாக இருக்கும், "பாருங்கோ எப்பிடித் தழைச்சிருக்கு" என்று சந்தோசப்படுவோம். அந்தத் துளிர்களின் பிடிப்பு முழுக்க வெளித் தசையில் மட்டுந்தான். அதற்குள் வெட்டுவாயில் மாரித் தண்ணீர் தேங்கி உள்ளுக்கு உக்கத் தொடங்கும், பிறகு கறையான் வரும். மேலே பாரம் கூடிக்கொண்டு போக, கீழே பிடி தளர்ந்துகொண்டு போகும். நிழலில் இருந்த தோலில் திடீரென்று வன்னி வெயில் பட்டு வெடிப்பதும், அந்த வெடிப்பில் தண்டு துளைக்கும் வண்டு முட்டையிடுவதும் தனிக்கதை. மாவின் அடியில் மரத்தூள் போல ஏதாவது கொட்டிக் கிடந்தால் புழு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, கூரைக்கு மேலால் போகும் கொப்பை என்ன செய்வது? பாதியில் அறுக்காமல், அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக் கொப்பு வரைக்கும் பின்னுக்கு வெட்டுங்கள். அந்தப் பக்கக் கொப்பு, வெட்டும் கொப்பின் தடிப்பில் மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். காய்ந்த கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு இரண்டையும் எடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். ஒரு வருசத்தில் இலைப்பரப்பில் காற்பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. கிழட்டு மரம் என்றால் அதிலும் குறைவு. இன்னொரு பழக்கமும் இருக்கிறது: உள்ளுக்கு இருக்கும் சிறு கொப்பெல்லாவற்றையும் ஆட்டுக்குக் குழையாக வெட்டிக் கொடுத்துவிட்டு நுனியில் மட்டும் இலையை விடுவது. துலா நுனியில் தண்ணீர் வாளி தொங்குவது மாதிரி பாரம் முழுக்க நுனிக்குப் போய்விடும். காற்றுக்கு முறிய இது போதும்.

இனி வெட்டும் இடம். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன வீக்கம், தோல் மடிந்து சுருங்கின மாதிரி, கழுத்துப்பட்டி போல இருக்கும். மரம் காயத்தை மூடுவது அந்தக் கழுத்திலிருந்துதான். எங்கள் ஆட்கள் அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்டச் சீவுவார்கள், கழுத்தும் சேர்ந்து போய்விடும். இல்லாவிட்டால் ஒரு முழம் விட்டு வெட்டுவார்கள், அது சட்டை கொழுவும் முளை மாதிரி நின்று காய்ந்து, உக்கலை உள்ளுக்குக் கொண்டுபோகும். கழுத்துக்கு வெளியே, ஒட்டினாற்போல் வெட்ட வேண்டும்.

தடித்த கொப்பை ஒரே வெட்டில் விழுத்தப் பார்க்காதீர்கள். பாதி அறுக்கும்போதே பாரத்தில் சாய்ந்து அடிமரத்தின் தோலை ஒரு பாகம் நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கொப்பின் கீழ்ப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாள் போடுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கொப்பு தோலை இழுக்காமல் விழும். பிறகு மிச்சக் கட்டையைக் கழுத்தடியில் நிதானமாக அறுத்தெடுங்கள்.

வெட்டிய பிறகு தார், பெயின்ற், பழைய எஞ்சின் ஒயில், சாணி என்று எதையாவது பூசாவிட்டால் நமக்கு நித்திரை வராது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் சைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்தவர். மரத்தில் காயம் மனிதத் தோல் மாதிரி ஆறுவதில்லை, மரம் அந்தப் பகுதியைச் சுவர் கட்டி ஒதுக்கிவிட்டு வெளியால் புதுத் தசையால் மூடுகிறது என்று 1970களில் விளக்கினார். தார் பூசுவதால் உக்கல் நிற்பதில்லை. எங்கள் ஈரத்துக்கு, பூச்சுக்கு அடியில் தண்ணீர் அடைபட்டு உக்கல் இன்னும் வசதியாக வளரும். ஒழுங்காக வெட்டிய காயத்தைக் காற்றாட விட்டுவிடுவதே போதும்.

அந்தக் காயம் காய வேண்டும் என்பதால்தான் மாதம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டினால் மழை விடாது, பூஞ்சணம் பிடிக்கும். மா என்றால் பழம் முடிந்த கையோடு, ஆடி ஆவணிக்குள் வெட்டிவிடுங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம், வெட்டு சீக்கிரம் காயும், மாரிக்குத் துளிரும் முற்றிவிடும். பிந்தி வெட்டினால் பூக்க வேண்டிய நேரத்தில் மரம் துளிர் விட்டுக்கொண்டு நிற்கும், அந்த வருசம் பழம் கடையில்தான். ஆனால் சோளகம் சுழற்றியடிக்கும் நேரத்தில் மரத்தில் ஏற வேண்டாம், காலைப்பொழுதில் வேலையை முடியுங்கள். முருங்கை இந்தக் கணக்கிலெல்லாம் வராது. அதை இடுப்பளவில் தறித்தாலும் சிரித்துக்கொண்டு துளிர்க்கும்.

குருவிச்சை என்ற ஒட்டுண்ணிச் செடி பிடித்த மாமரத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் குழையை மட்டும் ஒடித்துப் போடுவது வீண்வேலை. வேர் கொப்புக்குள் ஓடியிருக்கும், திரும்ப வரும். பிடித்த இடத்துக்கு ஓரடி கீழே கொப்போடு வெட்டி எடுங்கள். குருவிச்சைப் பழம் பழுக்க முன் செய்தால் குருவிகள் அதை மற்றக் கொப்புகளுக்குக் கொண்டுபோகாது.

தென்னையில் பச்சை மட்டையை வெட்டாதீர்கள். ஏறுவதற்கு வசதியென்று மரத்தில் மிதி கொத்தவே வேண்டாம். அந்தக் காயத்தின் மணத்துக்குச் செவ்வண்டு வந்து முட்டையிடும். குருத்துச் சாயும்போதுதான் நமக்கு விசயம் தெரியவரும்.

வெளியூரில் எழுதிய மரப் புத்தகங்களில் இல்லாத ஒன்று: போர் முடிந்த 2009க்கு முன்பே நின்ற மரம் என்றால் உள்ளே செல் துண்டோ சன்னமோ இருக்கலாம். தோல் மூடி மரம் தடித்திருக்கும், வெளியே தெரியாது. வாள் பட்டால் சங்கிலி அறுந்து தெறிக்கும். பழைய தழும்பு, தசையில் நீலம் பாய்ந்த கறுப்புக் கறை கண்டால் வாளை நிறுத்துங்கள், இரும்பு கிடந்தால் மரம் அப்படிக் கறுக்கும். வேரடியைக் கிண்டும்போது சந்தேகமான இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். மின்கம்பியை உரசும் கொப்பும் அப்படித்தான், மின்சார சபைக்கு அறிவித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் முழுதாகத் தறிப்பதென்றால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும், கிராம அலுவலரிடம் போனால் வழி சொல்லுவார்.

வேரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. முற்றத்துக்குக் கொங்கிறீற் போடும்போது அடிமரம் வரைக்கும் மூடிவிடுகிறோம், வேருக்குக் காற்றில்லை. மலகூடக் குழிக்கு இடம் தேடி ஒரு பக்கத்து வேரை முழுக்க அறுத்துவிட்டு, மாரிக் காற்றில் மறுபக்கம் சாய்ந்ததும் மரத்தைத் திட்டுகிறோம். தண்ணீரை அடிமரத்தில் ஊற்றுவதும் பிரயோசனமில்லை, குடிக்கும் வேர் கொப்பு நிழல் முடியும் இடத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இன்னும் தீராத சண்டை நெருப்புத்தான். விடிய எழும்பி முற்றம் கூட்டி, சருகை மாவடியில் குவித்துக் கொளுத்துவது அம்மாவின் நாற்பது வருசப் பழக்கம். "புகை பட்டால்தான் பூக்கும்" என்பார். பூத்தது உண்மை. அதே பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குத் தோல் வெந்து கழன்றதும் உண்மை. இப்போது சருகை நிழல் விளிம்பில், அடிமரத்தில் முட்டாமல் பரப்புகிறேன். அம்மா நான் வேலைக்குப் போனபிறகு கொஞ்சத்தை அள்ளி வேலியோரம் கொளுத்துகிறார். பூவரசங் கதியால் இரண்டு கருகிவிட்டது.