எழும்பியதும் தலைசுற்றா? மூளைக்குப் போகும் இரத்தத்தை அளப்பது எப்படி

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் கோணேசர் கோயில் வரிசையில் நின்றபடியே கண் இருண்டு சாய்பவர்களைத் திருகோணமலைக்காரர் எல்லோரும் பார்த்திருப்போம். "பிரஷர் இறங்கியிருக்கும், சோடா குடுங்கோ" என்பார்கள். அளந்தால் பிரஷர் சரியாகவே இருக்கும். உடனே "அது மனப்பயம்" என்று ஒதுக்கிவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கைப்பட்டி காட்டுவது இதயத்தின் மட்டத்தில் உள்ள அழுத்தத்தை. நிற்கும்போது மூளை அதற்கு மேலே இருக்கிறது. எழும்பியதும் அரை லீட்டர் அளவு இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. மூளைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

முதல் படி வீட்டிலேயே. இதய நோய் உள்ளவர்களும் அடிக்கடி மயங்கி விழுபவர்களும் இதைச் செய்ய வேண்டாம். மற்றவர்களும் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள். காலையில் 10 நிமிடம் அசையாமல் படுத்திருந்து பிரஷரையும் நாடித்துடிப்பையும் அளந்து எழுதுங்கள். பிறகு எழும்பி, குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க, தோளை மட்டும் சுவரில் சாய்த்து நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை, 10 நிமிடம் வரை அளக்க வேண்டும். பட்டி கட்டிய கை இதய உயரத்தில் இருக்கட்டும். காலை ஆட்டக் கூடாது, பேசவும் கூடாது. தலைசுற்று, மங்கல், குமட்டல் எது வந்தாலும் நேரத்தோடு குறியுங்கள். விழப்போவதுபோல் இருந்தால் உடனே படுத்துவிடுங்கள்.

3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அது நிற்கும்போது வரும் இரத்த அழுத்தக் குறைவு. பிரஷர் இறங்காமல் நாடித்துடிப்பு 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால் (12 முதல் 19 வயதினருக்கு 40) அது வேறு வகை. இரண்டும் இல்லை, ஆனாலும் தலை சுற்றுகிறது என்றால்?

அப்போதுதான் டொப்ளர், அதாவது ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை. மூளைக்கு இதை 1982இல் அறிமுகப்படுத்தியவர் நோர்வே ஆய்வாளர் ரூன் ஆஸ்லிட். கன்னப்பொறியில் எலும்பு மெல்லியதாக இருக்கும். அங்கே ஜெல் பூசி, 2 மெகாஹேர்ட்ஸ் கருவியை வைத்து, நடு மூளை நாடியில் இரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சிலருக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, எலும்பு தடித்திருந்தால் சிக்னல் கிடைக்காது. இது காட்டுவது வேகத்தை மட்டும்தான், அளவை அல்ல. அளவு வேண்டுமென்றால் கழுத்து நாடிகளின் விட்டத்தையும் வேகத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். நெதர்லாந்தில் நாட்பட்ட களைப்பு நோயாளிகளுக்கு அப்படி அளந்து 2020இல் வெளியிட்டார்கள்: சரிவு மேசையில் (படுத்திருப்பவரை அப்படியே நிமிர்த்தும் மேசை) நிமிர்த்தியபோது மூளை இரத்த ஓட்டம் அவர்களுக்குச் சராசரியாக 26 வீதம் குறைந்தது, நலமானவர்களுக்கு 7 வீதம்தான். பிரஷரும் நாடித்துடிப்பும் சரியாக இருந்த நோயாளிகளுக்கும் ஓட்டம் நன்றாகவே குறைந்திருந்தது.

மூச்சையும் கவனிப்பார்கள். வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு குறைந்து மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். ஓட்டம் குறைய அதுவே போதும்.

எழுதிய தாளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். டொப்ளர் எடுக்கச் சொன்னால், "நிற்க வைத்தும் எடுப்பீங்களா டொக்டர்?" என்று கேளுங்கள். படுத்தபடி மட்டும் எடுத்தால் இந்தக் குறைவு அதில் தெரியாது.