நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் ஒழுகிய ஏசி

ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. இரவு 10 மணிக்குப் போட்டால், 2 மணிக்கு மேல் உள் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழியும். ஃபில்டரைக் கழுவியாயிற்று. கேஸ் குறைந்தால் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி படியும், அதுவும் இல்லை. ஏசித் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பைப்பை மெக்கானிக் ஊதிச் சுத்தம் செய்தார். மறுநாளும் அதே நேரத்தில் ஒழுகல்.

அந்த நேரம்தான் துப்பு. பால்கனியில் செடிக்குத் தண்ணீர் பிடிக்க வைத்த வாளிக்குள் பைப்பின் நுனி அடிவரை இறங்கியிருந்தது. வாளி நிறைய நிறைய நுனி ஆழமாக மூழ்கிவிடும். பைப்பின் தொய்வில் தேங்கிய தண்ணீருக்கும் நுனிக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். சரிவை மட்டும் நம்பி இறங்கும் தண்ணீரால் அதைத் தள்ள முடியாது. உள் யூனிட்டில் தண்ணீர் சேரும் தட்டு நிரம்பி வழியும்.

நுனியை வாளி விளிம்புக்கு நான்கு விரற்கடை மேலே நிற்கும்படி வெட்டி, தொய்வில்லாமல் சரிவாகக் கிளிப் அடித்தேன். மூன்று வாரமாகச் சுவர் காய்ந்திருக்கிறது. அப்பாடா!