ஸ்கேனுக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால்

தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். போன வாரம் ஒரு மஞ்சப்பை நிறையச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். "மதினி, இம்புட்டு டெஸ்ட்டும் எடுக்கத்தான் வேணுமா? எதை விட்டா தப்பில்ல?" என்று கேட்டாள். அவளுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் நர்சம்மா இல்லை. ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன், வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர். முதல் பிள்ளைக்குக் கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். என்ன டெஸ்ட் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாவது பிள்ளைக்குக் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். கேட்காமல் வந்த ஒரே ஒரு தடவை ஆறு நாள் தூக்கம் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவள் கொண்டுவந்த சீட்டுகளைத் திண்ணையில் மீன் கூறு போடுவதுபோல இரண்டாகப் பிரித்தேன். ஏதாவது தெரிந்தால் அதற்கு மருந்தோ ஊசியோ உண்டு என்கிற சோதனைகள் ஒரு பக்கம். தெரிந்தாலும் மாத்திரையால் மாறாது, நாம்தான் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்பவை மறுபக்கம். முதல் கூறை யோசிக்காமல் எடுத்துவிடலாம். யோசனை வேண்டியது இரண்டாவது கூறுக்குத்தான்.

முதல் கூறில் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ், சிறுநீரில் உப்பு என்று நாம் சொல்கிற புரதம், பி.பி. எல்லாம் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் எடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய். எங்கள் பக்கம் திங்கட்கிழமை கடலுக்குப் போன படகு செவ்வாய் காலையில்தான் கரை சேரும், அதனால் வீட்டு ஆளைத் துணைக்கு எதிர்பார்க்க முடியாது. நான் எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போவேன்.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரையோடு நிற்காது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கும். உங்கள் ரத்தம் நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ் என்றால் 28-ஆவது வாரத்தில் ஒரு ஆன்டி-டி ஊசி, பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. அந்த ஊசி விட்டுப்போனால் அடிபடுவது அடுத்த பிள்ளை. எச்.ஐ.வி. டெஸ்ட் என்றதும் என் மாமியார், "நம்மள என்ன மாதிரி ஆளுன்னு நெனச்சுட்டாங்க?" என்று குதித்தார். எல்லாரிடமும்தான் கேட்கிறார்கள், நம் சம்மதத்தோடுதான் எடுக்கிறார்கள். தாய்க்கு இருப்பது தெரிந்தால் மருந்து கொடுத்துப் பெரும்பாலும் பிள்ளைக்குப் போகாமல் தடுத்துவிடலாம். மஞ்சள் காமாலை பி இருந்தால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளைக்கு ஊசி. சிபிலிஸ் என்றால் தாய்க்கு பெனிசிலின். மானத்தைப் பார்த்து இதை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சர்க்கரை டெஸ்ட்டை நானே ஏமாற்றப் பார்த்தவள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று கட்டாயமில்லை. குடித்ததும் குமட்டும், ஒரு மூடி எலுமிச்சை பிழிந்துகொண்டால் இறங்கும். முதல் தடவை எனக்கு நார்மல். அதனால் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்கச் சொன்னபோது, அதான் பார்த்தாச்சே என்று போகாமல் இருந்துவிட்டேன். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுக் கூட்டிப்போனார். 156 வந்தது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. வயிறு பெருக்கப் பெருக்கத்தான் அது தலைகாட்டும், முதல் டெஸ்ட் நார்மல் என்பது இரண்டாவதற்குச் சாட்சி ஆகாது. நான் சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டிச் சாப்பாட்டிலேயே சரிக்கட்டினேன். போகாமல் இருந்திருந்தால் பிள்ளை அளவுக்கு மீறி வளர்ந்து பிரசவத்தில் சிக்கியிருக்கலாம்.

இனி வாரக் கணக்கு. நம் வீடுகளில் மாதக் கணக்குதான். "அஞ்சு நடக்குது" என்பார்கள். ஐந்து நடக்கிறதா முடிந்ததா என்பதில் நாலு வாரம் காணாமல் போகும், ஸ்கேனில் அந்த நாலு வாரம்தான் முக்கியம். நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணக் கூடாது. கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அது ஜனவரி 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 19-இல் 11 வாரம் முடியும். அன்றிலிருந்து ஏப்ரல் 8 வரை, பிள்ளையின் பிடரியில் உள்ள நீரின் தடிமனை அளக்கிற என்.டி. ஸ்கேனுக்கான நாட்கள். மே 7-லிருந்து 21-க்குள் 18-20 வாரம், அது பிள்ளையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற அனாமலி ஸ்கேன். எங்களுக்கு அது மீன்பிடித் தடைக்காலத்தின் நட்டநடு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை படகு கரையில் கட்டிக்கிடக்கும், கையில் காசு புரளாது. "தடை முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று சொல்லித் தள்ளிப்போட்டு 26 வாரத்தில் ஸ்கேனுக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. காசு முடை என்றால் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுங்கள். தேதியை மட்டும் நழுவ விடாதீர்கள். கடைசி விலக்கு தேதி மறந்துபோனவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்து வாரத்தை உறுதி செய்துகொள்வது நல்லது. பின்னால் எடுத்தால் வாரக் கணக்கு அத்தனை துல்லியமாக வராது.

இரண்டாவது கூறுக்கு வருகிறேன். என்.டி. ஸ்கேனோடு சேர்த்து டபுள் மார்க்கர் என்று ஒரு ரத்த டெஸ்ட் எழுதுவார்கள். அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கிற பிறவிநிலையான டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று இது கணக்குப் போடும். இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. இதைப் புரியாமல்தான் பாதிப்பேர் அழுகிறார்கள். சீட்டில் 1:200 என்று வந்தால், அதே கணக்கு வந்த 200 கர்ப்பிணிகளை ஓலைக்குடா கடற்கரையில் வரிசையாக நிறுத்தினால் அதில் 199 பேருடைய பிள்ளைக்கு அது இல்லை, ஒரு பிள்ளைக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சீட்டில் சிவப்பு எழுத்தில் 'ஹை ரிஸ்க்' என்று அடித்திருப்பார்கள். வயதும் இதில் சேரும். 25 வயதில் ஏறக்குறைய 1,250-இல் ஒன்று, 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் 15 வாரத்துக்கு மேல் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கரு கலைந்துபோகும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான், ஆனாலும் இல்லாமல் இல்லை. தாயின் ரத்தத்திலேயே பார்க்கிற என்.ஐ.பி.டி. இன்னும் துல்லியம், விலையும் அதிகம். அதுவும் முடிவான பதில் ஆகாது.

எனக்கு அப்போது 29 வயது. வீட்டுக்காரர் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: "வருதுன்னு தெரிஞ்சா நீ அந்த வவுத்து ஊசிய போட்டுக்குவியா?" மாட்டேன் என்றேன். "பெறகு எதுக்கு அந்த நம்பரு?" அதனால் டபுள் மார்க்கரை விட்டுவிட்டேன், என்.டி. ஸ்கேன் மட்டும் எடுத்தேன். மண்டையோடு உருவாகாதது போன்ற பெரிய குறைகள் அதிலேயே தெரிந்துவிடும். என் பெரியம்மா மகள் தாய்மாமனையே கட்டினவள். அவள் எல்லாவற்றையும் எடுத்தாள், ஊசி வரைக்கும் போகத் துணிந்திருந்தாள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிறவிக்குறை வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது அவளுக்குத் தெரியும். சொந்தத்தில் கட்டினவர்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களாகவே அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் முடிவும் சரி, என் முடிவும் சரி. வீட்டில் பேசாமலே சீட்டை நீட்டுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

அனாமலி ஸ்கேனில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரே ஒரு ஸ்கேன் எடுக்கத்தான் வசதி என்றால் இதை எடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்றுதான் சொல்கிறது. என் மாமியார் கோயிலை விட்டு வந்த கையோடு, "ஆண்டவர் குடுக்குறத வாங்கிக்கணும். கலைக்கிறதுக்குத்தானே இந்த ஸ்கேனெல்லாம்?" என்றார். நானும் கலைக்க மாட்டேன் மாமி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பிள்ளையின் இதயத்தில் பெரிய கோளாறு இருந்தால் பிறந்த சில மணி நேரத்தில் நீலம் பாயலாம். எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டி மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். முன்கூட்டித் தெரிந்தால் பிரசவத்தையே இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். உதடு பிளவு என்றால் பால் கொடுக்கும் விதத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக் கிடந்தால் பிரசவத்தில் ரத்தம் கொட்டும். பெரும்பாலும் மாதம் ஏற ஏற அது மேலே நகர்ந்துவிடும், 32 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். நகராவிட்டால் ரத்த வங்கி இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். இதைக் கேட்டபிறகு மாமியாரே பஸ் செலவுக்கு இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஸ்கேனில்தான் என் ஆறு நாள். 19 வாரம். பார்த்தவர் எதுவும் சொல்லவில்லை. சீட்டில் இதயத்தில் வெள்ளைப் புள்ளி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கேட்கவும் தைரியமில்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன், அவள் முகம் மாறியது. அது 2018. அன்றைக்குச் சட்டம் 20 வாரம் வரைதான் கருக்கலைப்புக்கு இடம் கொடுத்தது. நான் கலைக்கப் போவதில்லை என்றாலும், ஒவ்வொருத்தரும் வந்து நாளை எண்ணிச் சொன்னார்கள். ஆறாம் நாள் மதுரைக்கு ரயில் ஏறினோம். அங்கே டாக்டரம்மா இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். நூற்றில் மூன்று நாலு நல்ல பிள்ளைகளுக்கே இந்தப் புள்ளி தெரியும், வேறு எதுவும் கூட இல்லையென்றால் இது இதயக் கோளாறு இல்லை என்றார். அந்தப் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. ஸ்கேன் மேசையை விட்டு இறங்குமுன் கேளுங்கள்: என்ன எழுதியிருக்கிறீர்கள், இது குறையா வெறும் அடையாளமா, அடுத்து யாரிடம் காட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள்? பதில் சொல்ல அவசரப்படுத்தினாலும் நகராதீர்கள்.

2021-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டர் சொன்னால் போதும். குறிப்பிட்ட சில பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். பிள்ளைக்குப் பெரிய குறை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் அதற்கு மேலும் இடமுண்டு. ஆகவே முன்போல ஒரு வாரத்துக்குள் முடிவெடு என்று யாரும் விரட்ட வேண்டியதில்லை. வேறொரு டாக்டரிடம் காட்ட நேரம் இருக்கிறது.

ஸ்கேன் நல்லபடி வந்தாலும் அது முழு உத்தரவாதம் இல்லை. காது கேட்குமா, ஆட்டிசம் வருமா என்பதெல்லாம் அதில் தெரியாது. இதயத்தில் சின்ன ஓட்டைகள் தப்பிப்போகும். மாதாமாதம் முகம் பார்க்க ஸ்கேன் எடுப்பது வீண் செலவு, அந்தக் காசுக்குச் சீலா மீன் வாங்கிச் சாப்பிடலாம். ஆணா பெண்ணா என்று கேட்கவே கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வது குற்றம், கேட்பதும் குற்றம். அதை அறிய விரும்பவில்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள்.

போகும்போது ஆதார், டாக்டர் எழுதிய சீட்டு, கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தருகிற பிக்மி எண் மூன்றும் கையில் இருக்கட்டும். அந்த எண்ணை 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பதிந்து வாங்கிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு உதவி தருகிற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும், பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் கேட்பார்கள். ஆரம்ப ஸ்கேனுக்குச் சிறுநீர் முட்ட முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், பாம்பன் பாலத்திலேயே குடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள், ராமநாதபுரம் போகுமுன் உயிர் போய்விடும். சுடிதாரோ சேலையோ, மேலும் கீழும் தனித்தனியாக இருந்தால் வசதி.

கையில் கொடுக்கிற கறுப்பு வெள்ளைப் படத்தை அன்றைக்கே போனில் ஒரு போட்டோ பிடித்து வையுங்கள். அந்தத் தாள் வெயிலுக்கு மங்கிவிடும். என் மூத்தவளுடைய படத்தை பைபிளுக்குள் வைத்திருந்தேன், இப்போது அது வெறும் வெள்ளைத் தாள்.