மன அழுத்தம்: ‘நினைக்காதே’ என்று சொல்வதில் உள்ள தவறு

மனசு பதறிப்போய் இருப்பவரிடம் நாம் முதலில் சொல்வது, "அதையே நினைச்சுட்டு இருக்காதே" என்பதுதான். அன்போடுதான் சொல்கிறோம். ஆனாலும் இதைத்தான் முதல் தவறு என்பேன். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை நமக்குத் தெரியும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் குழுவினரும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தபடியே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட, அடக்கி வைத்திருந்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது.

சரி, என்னதான் செய்வது? கவலைக்கென்று நேரம் ஒதுக்குங்கள். 1983இல் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் சோதித்த முறை இது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால், ஒரு தாளில் குறித்துவிட்டு, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை "ரிசல்ட் என்ன ஆகுமோ", "கெமிஸ்ட்ரியில் இரண்டு பாடம் பாக்கி" என்று எழுதி வைத்திருக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் தாளை எடுத்துப் பார்த்தால், முதலாவதற்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை என்று தெரியும். இரண்டாவதற்கு நாளைக் காலையிலேயே நேரம் ஒதுக்கலாம். பகல் முழுக்க இரண்டும் ஒரே பயமாகத்தான் அழுத்திக்கொண்டிருக்கும். எழுதிப் பார்த்தால்தான் பிரியும். படுக்கையை மட்டும் இதற்கான இடமாக்க வேண்டாம், தூக்கம் கெடும்.

மூச்சுப் பயிற்சியிலும் ஒரு தவறு நடக்கிறது. "நல்லா இழுத்து விடு" என்றதும் வேகவேகமாக இழுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனிகள் மரத்துப்போகும். அதைப் பார்த்தே பயம் கூடும். மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடுங்கள். பதற்றம் இல்லாத நாளிலேயே பழகிக்கொள்வது நல்லது.

அப்புறம், தலையணையைக் குத்தினால் கோபம் தணியும் என்பதும் சரியல்ல. 2002இல் உளவியலாளர் பிராட் புஷ்மன் நடத்திய ஆய்வில், கோபப்படுத்தியவரை நினைத்துக் குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியே இருந்தது.

எதுவும் கைகொடுக்காமல் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இந்தியாவில் எங்கிருந்தும் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.