பெயர் மறைத்த விடுதிக்கு விலை கேட்பது எப்படி?

ஓர் இரவு கழிந்துவிட்டால் அந்த இரவுக்குரிய அறையை மறுநாள் விற்க முடியாது. அதனால் அறை காலியாகக் கிடப்பதைவிடக் குறைந்த விலைக்காவது போகட்டும் என்றே விடுதிகள் நினைக்கின்றன. ஆனால் அந்த விலையை ஊரறியச் சொன்னால் முழுக் கட்டணம் செலுத்தியவர்களும் அதையே கேட்பார்கள். இந்தச் சங்கடத்துக்கு வழியாகத்தான் பணம் செலுத்தும்வரை விடுதியின் பெயரை மறைத்து விற்கும் முறை உருவானது. 1998இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிரைஸ்லைன் தளம், தங்கும் பகுதியையும் நட்சத்திரத் தரத்தையும் மட்டும் தேர்ந்துகொண்டு விலையை வாடிக்கையாளரே சொல்லும் ஏலத்தைப் பரவலாக்கியது. அத்தளம் பிற்பாடு அதைக் கைவிட்டு, பெயரை மறைத்துத் தள்ளுபடி விலையைத் தானே அறிவிக்கும் முறைக்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் தேவையான முன்தயாரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

தொகையைத் தட்டச்சு செய்வதற்கு முன் செய்யும் வேலையில்தான் லாபம் இருக்கிறது. அதே பகுதியில், அதே தரத்தில், அதே தேதிகளுக்குப் பெயர் தெரிந்த விடுதிகள் என்ன கேட்கின்றன என்பதை வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்துப் பாருங்கள். அவற்றில் ரத்து செய்யக்கூடிய அறை ஒன்றை முன்பதிவு செய்துவைத்துக்கொண்டால், ஏலம் கைகூடாவிட்டாலும் தங்க இடம் இருக்கும்; கைகூடினால் கெடு முடிவதற்குள் அதை ரத்து செய்ய மறக்கக் கூடாது. இப்படி ஓர் அறை கையில் இல்லாதவர் பதற்றத்தில் தொகையை ஏற்றிக்கொண்டே போவார் என்பதால், இந்த ஒரு படியை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம் என்பேன்.

மறைக்கப்பட்ட பெயரைப் பல சமயங்களில் ஊகித்துவிடலாம். நீச்சல்குளம், வாகன நிறுத்தம் முதலிய வசதிகளின் பட்டியலையும், விருந்தினர் தந்த மதிப்பெண்ணையும் குறித்துக்கொண்டு, பெயருடன் காட்டப்படும் விடுதிகளோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று பெயர்களே எஞ்சும். அவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்கு ஆகாது என்றாலும் அந்தச் சலுகையை விட்டுவிடுவதே நல்லது. ஏனெனில் பணம் செலுத்திய பின் இத்தகைய முன்பதிவை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ பொதுவாக இயலாது.

உண்மையான ஏலமாக இருந்தால், வெளியில் விலை 100 என்னும்போது 55 அல்லது 60இல் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறலாம். ஒரு தொகை மறுக்கப்பட்டதும் அதே தேடலில் உடனே மறுபடி கேட்கச் சில தளங்கள் விடுவதில்லை. பகுதியையோ தரத்தையோ மாற்றினால்தான் வாய்ப்புத் தரும். அந்த வாய்ப்புக்காக நீங்கள் தங்க விரும்பாத பகுதியைச் சேர்த்துவிடாதீர்கள், அங்கேயே அறை அமைந்துவிடக்கூடும். உச்சவரம்பை முன்கூட்டியே தாளில் எழுதிவையுங்கள். ரத்து செய்யும் உரிமையை இழப்பதற்கும் ஒரு விலை உண்டு. வெளி விலையைவிடப் பத்து விழுக்காடு மட்டுமே மிச்சமாகும் என்றால் நான் கேட்க மாட்டேன்.

ஏற்கெனவே அறை எடுத்தவரிடம், கூடுதல் தொகை சொன்னால் பெரிய அறை தருகிறோம் என்று சில விடுதிகள் மின்னஞ்சலில் கேட்பதும் உண்டு. அதில் காட்டப்படும் எண் பெரும்பாலும் ஓர் இரவுக்கானது. நான்கு இரவுகள் தங்குபவர் அதை நான்கால் பெருக்கிப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடும்பத்துடன் செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயர் மறைத்து விற்கப்படும் அறை பொதுவாக இரண்டு பெரியவர்களுக்கே உறுதி செய்யப்படுகிறது; கட்டில் ஒன்றா இரண்டா என்பது விடுதியின் விருப்பம். சில விடுதிகள் வந்திறங்கிய பிறகு தனியாக வசூலிக்கும் வசதிக் கட்டணமும் ஏலத்தொகையில் அடங்காது. ஆகவே பொத்தானை அழுத்துமுன் நிபந்தனைகள் பக்கத்தில் இந்த மூன்றையும் தேடிப் படித்துவிடுங்கள்.